ஏட்டில் இல்லாத ஏணி

ஃபண்டி வளைகுடாவில் இந்தத் தீவு முழுக்க
தீவு நிலக் கழகத்தின் சொத்து.
படகுத்துறை இரண்டு, சரிவுத்தளம் ஒன்று,
மீன்கிடங்கின் தகரக் கூரை,
தேவாலயத்துக்கு அடியிலிருக்கும் மண்
(தேவாலயம் ஆயருடையது),
கல்லறைத் தோட்டத்தின் தண்ணீர்க் குழாய்.
எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு.
எண்ணைத் தகட்டில் அச்சடித்து
உரிய பொருளில் திருகி முடுக்குவது
நாலு வருஷமாக என் உத்தியோகம்.

நவம்பரில் வடக்குத் துறையின் முறை வந்தது.
கட்டுத்தூண் பதினாலு.
விளக்குக் கம்பம் ஆறு, எரிவது நாலு.
இங்கே கடல் நாளுக்கு இருமுறை
இருபதடி ஏறி, இருபதடி இறங்கும்.
காலையில் எட்டு வைத்து இறங்கிய படகு
மதியம் கிணற்றடியில் கிடக்கும்.

துறையின் கடைக்கோடியில் ஓர் ஏணி.
இரும்பு. பத்தொன்பது படி.
மேலிருந்து ஏழாவது மட்டும் வேறு சாதி,
யாரோ டிராக்டர் அச்சை அறுத்துப் பற்றவைத்தது.
ஏட்டைப் புரட்டினேன்.
பழைய வரைபடத்தில் இல்லை.
துறைமுக இலாகா ஒப்படைத்த பட்டியலில் இல்லை.
எந்த ஒப்பந்தக்காரரும்
இதற்குக் காசு கேட்டதாகத் தெரியவில்லை.

தலைமையகத்துக்குப் பேசினேன்.
இல்லாத ஏணிக்குக் காப்பீடு இல்லை,
காப்பீடு இல்லாததில் எவராவது வழுக்கினால்
வழக்கு நம் தலையில்,
அறுத்து எடுத்துவிடுங்கள் என்றார்கள்.
இல்லாததை எப்படி அறுப்பது என்றேன்.
அதற்கொரு படிவம் இருக்கிறதாம்.

கீழே பாறையில் லுடிவீன் கோமோ
சிவப்புப் பாசி பறித்துக்கொண்டிருந்தாள்.
ஈர மூட்டையை முதுகில் போட்டு
விறுவிறுவென ஏறி வந்தாள்,
ஏழாவதைத் தாண்டி எட்டிலிருந்து ஆறுக்கு.
இது யாருடையது?
"எது?"
ஏணி.
"என் புருஷனைக் கேள்.
அவன் அல்ஃபான்ஸைக் கேட்கச் சொல்லுவான்.
அல்ஃபான்ஸ் செத்து ஆறு வருஷமாச்சு."
மூட்டையிலிருந்து ஒழுகியது என் படிவத்தை நனைத்தது.

செவ்வாய்க்கிழமைப் படகில் அறுப்பு இயந்திரம் வருவதாக ஏற்பாடு.
திங்கள் மாலை
கடைசித் தூணின் அளவு விட்டுப்போனது ஞாபகம் வந்து
திரும்பிப் போனேன்.
பலகையில் பனி பூத்திருந்தது.

தண்ணீர் குளிரவில்லை, அடித்தது.
கழகத்தின் மேலங்கி, கழகத்தின் பூட்ஸ்
இரண்டும் தத்தம் எண்களோடு
என்னைக் கீழே இழுத்தன.
மிதவை வளையம், எண் 0212,
திருட்டுக்குப் பயந்து நானே பூட்டிய பெட்டிக்குள்.
சாவி என் மேசை இழுப்பறையில்,
அதற்கும் எண் உண்டு.

கை எதையோ பிடித்தது.
எத்தனை படி ஏறினேன் என்று எண்ணவில்லை.
ஏழாவதை மட்டும் முழங்கால் எண்ணிக்கொண்டது:
அச்சு உருண்டை, பாசி படிந்த உருண்டை,
கால் நழுவி, எலும்பு இரும்பில் மோதி,
தீவு முழுக்கக் கேட்கும்படி
என் அம்மா சொல்லக்கூடாதென்ற வார்த்தையைச் சொன்னேன்.

மறுநாள் அறுப்பு இயந்திரம்
வந்த படகிலேயே திரும்பிப் போனது.
போக்குவரத்துச் செலவு எந்தக் கணக்கில் என்று
இன்னும் கடிதம் வந்துகொண்டிருக்கிறது.
ஏட்டில் புதுவரி எழுதினேன்:
ஏணி, இரும்பு, படிகள் பத்தொன்பது.
சொத்து வந்த வழி என்ற கட்டத்தில்
விலைக்கு, தானமாக, மாற்றலாக, பறிமுதலாக
என நான்கே வழிகள்.
பேனாவை மூடி வைத்தேன்.

துளைக்கருவியும் தகடுமாகத் துறைக்குப் போய்
எங்கே அடிக்கலாம் என்று
நொண்டியபடி பார்த்துக்கொண்டிருந்தபோது
கீழேயிருந்து லுடிவீன் கத்தினாள்:

"ஏழாவதில் அடி.
எண்கள் மேடாகத்தானே இருக்கு?
காலுக்குப் பிடிப்பாயிருக்கும்."