ஓட்டைக்கு இரண்டு வாய்

என் காதுக்குத்தான் சம்பளம்.
குதாயிசி நகரக் குடிநீர் அலுவலகம்
மாதக் கடைசியில் அதற்குப் படியளக்கிறது.
மற்ற உறுப்புகள் இலவசமாய்க் கூட வருகின்றன.

இரவு இரண்டு முதல் நான்கு வரை.
ஊர் குளித்து, துவைத்து,
கடைசிக் குடிகாரனும் முகம் அலம்பிப் படுத்தபின்
மீட்டர் சும்மா இருக்க வேண்டும்.
இருப்பதில்லை.
மல்பெரித் தெருவுக்கு மேலே, மேட்டு மண்டலத்தில்
மணிக்குப் பதினொரு கன மீட்டர்
எந்த வாய்க்கும் போகாமல் போகிறது.

கோலின் ஒரு முனை வால்வின் தலையில்
மறுமுனை என் காதெலும்பில்.
குளிர்பெட்டியின் ரீங்காரம் வேறு,
டிரான்ஸ்ஃபார்மர் முனகல் வேறு.
கசிவு என்பது பல்லிடுக்கில் யாரோ
மூச்சுவிடாமல் இழுக்கும் ஒரு 'ஸ்'.
பிளாஸ்டிக் குழாய் அழுத்தக்காரன், வாய் திறக்காது.
வார்ப்பிரும்பு உளறிக்கொட்டும்.
வண்டியில் பிக்ரியா சூரியகாந்தி விதை கொறிக்கிறாள்.
அதுவும் கேட்கிறது என்று கை காட்டினால்
இரண்டு நிமிடம் நிறுத்துவாள்.

மேட்டின் அடிவாரத்தில், கோயில் படிக்குக் கீழே
ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள்
கல்சுவர் நீர் விட ஆரம்பித்தது.
இப்போது அங்கே மெழுகுவத்தி, சிறு திருவுருவப் படம்,
சங்கிலியில் ஒரு தகரக் குவளை.
மக்வாலாவின் முழங்கால் வலி போனது அந்தத் தண்ணீரில்தானாம்.
பிக்ரியாவும் ஞாயிறுதோறும்
இரண்டு கேன் பிடித்துப்போவாள்.

சோதனைக் குப்பியில் பத்து மில்லி.
மாத்திரையை நசுக்கிப் போட்டேன்.
டார்ச் வெளிச்சத்தில் மெல்ல மெல்ல
இளஞ்சிவப்பு.
பிக்ரியா வெகுநேரம் பார்த்தாள்.
"மலைக்குள் போய்
குளோரின் போட்டது யார்?" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம்.
குவளைக்கு வந்தது போகட்டும்,
நகரம் அதைவிட அதிகம் வீணாக்குகிறது.
ஆனால் செவ்வாயன்று பம்ப் நின்றது, நான்கு மணி நேரம்.
குழாய் காலியாகும்போது மூச்சை உள்ளே இழுக்கும்.
துப்பிய ஓட்டையே அப்போது உறிஞ்சும்,
ஒரே பள்ளத்தில் ஒரு முழம் தள்ளிக்
கிடக்கிறது சாக்கடைக் குழாய்.
வியாழனன்று மேட்டுப் பள்ளியில்
பதினான்கு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு.

விடிந்ததும் தோண்டினோம்.
மக்வாலா பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றாள்.
"கடவுள் திறந்ததை நீ மூடுவாயா?"
அறுபத்து மூன்றில் பதித்த குழாய், அம்மா,
ஈயம் கழன்ற மூட்டு, பாருங்கள் என்றேன்.
எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:
"ஏன், அவர் குழாய் வழியாய் வரக்கூடாதா?"
இதற்கு எங்கள் கையேட்டில் பதில் இல்லை.
பட்டையைச் சுற்றி ஆறு போல்ட்டை முடுக்கினோம்.
வால்வைத் திறந்துவிட,
முதலில் துரு, பிறகு தேநீர், பிறகு வெறும் தண்ணீர்.
'ஸ்' நின்றது.
அந்த மௌனம் என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு சுவரைப் பார்க்கப் போனோம்.
வற்றவில்லை.
நூல் கனத்தில் ஒரு சரடு
இன்னும் குவளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
மாத்திரை போட்டேன். நிறம் மாறவில்லை.
பத்து நிமிடம். மாறவில்லை.
இது மலையுடையதே என்றும் சொல்லலாம்.
வேறெங்கோ மெதுவாய்க் கசிந்து
வழியில் மண்ணே குளோரினைத் தின்றிருக்கிறது
என்றும் சொல்லலாம்.
ஆய்வகம் சொல்லும்வரை குடிக்காதே என்றேன்.
பிக்ரியா குவளையை எடுத்தாள், கவிழ்த்தாள்,
அப்படியே தொங்கவிட்டாள்.

மீட்டர் பதினொன்றிலிருந்து நான்குக்கு இறங்கியிருக்கிறது.
அந்த நான்கு எங்கே?
மூலம் தெரியவில்லை என்று படிவத்தில் எழுதிவிட்டு
அடுத்த வால்வுக் குழியின் மூடியை நெம்பினேன்.
உள்ளே, ஈரக் கம்பியில் கன்னம் வைத்து
ஒரு தவளை
எனக்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தது.