ஒன்பதாம் அலைக்கு இப்பால்

ஜெலுத்தோங் சாலைச் சாயக்கடையில்
எனக்கு நிறங்களெல்லாம் எண்கள்.
7032 படுக்கையறை மஞ்சள்.
2218 கோயில் மதில் காவி.
நான்கில் முடியும் எதையும்
முதலாளி கூ கணினியில் ஏற்ற மாட்டார்,
அவர் மொழியில் சாவென்று ஒலிக்குமாம்.
அந்த நிறம் கேட்டு வருபவருக்கு
அடுத்த எண்ணைக் கலந்து கொடுத்து
'காய்ந்தால் தெரியும்' என்று சொல்லிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை, மழைக்குச் சற்று முன்
அயர்லாந்துக்காரி ஒருத்தி வந்தாள். சோரகா.
தஞ்சோங் பூங்காவில், கடல் பார்த்த சுவருக்குக்
'கிளாஸ்' வேண்டும் என்றாள்.
பளபளப்புச் சாயத்தை எடுத்து வைத்தேன்.
அது இல்லையாம்.
புல்லும் கிளாஸ்தான், மழைக்கடலும் கிளாஸ்தான்,
சாம்பல் குதிரையும் கிளாஸ்தான்.
மூன்று எண்களைச் சேர்த்து அடித்தேன்,
இயந்திரம் மறுத்தது.
பச்சையில் மூன்று சொட்டு, நீலத்தில் ஐந்து,
கறுப்பைக் கண்ணளவில் விட்டேன்.

டின் குலுங்கியது நான்கு நிமிடம்
(கூ ஐந்து என்பார்).
அவள் நாட்டுப் பழைய ஏடுகளில்
காற்றுக்கு நிறமுண்டாம்:
கிழக்கே ஊதா, தெற்கே வெள்ளை,
வடக்கே கறுப்பு, மேற்கே மங்கிய பழுப்பு.
எங்களிடம் பெயருண்டு என்றேன்.
கொண்டல், தென்றல், வாடை, கோடை.
சாயம் பூசத்தான் விட்டுப்போயிற்று.

இன்னொரு கணக்கும் சொன்னாள்.
அடிமையின் உடுப்பில் ஒரே நிறம்,
புலவனுக்கு ஆறு, அரசனுக்கு ஏழு.
என் சீருடை முழுக்க மஞ்சள்.
நகக்கண்களை எண்ணினேன், ஏழு.
சிரித்ததில் கூ எட்டிப் பார்த்தார்.

மீதி வெள்ளியை வாங்கும்போது
அதையும் சில்லறைபோல் வைத்துவிட்டுப் போனாள்:
கரையிலிருந்து ஒன்பதாம் அலையோடு
நாடு முடிந்துவிடுமாம்.
அதைத் தாண்டியவரை
ஊர்ச் சட்டம் தொடாதாம்.

அவளுக்குத் தெரியாது.
பட்டர்வொர்த் துறையில், விடியும் முன்,
முதல் ஃபெரியின் இரும்புக் கம்பியைப் பிடித்து
நான் அலைகளை எண்ணியது.
கையில் ஒரு பை.
கன்னத்தில் கொண்டலின் நிறம்.
அழாமல் இருக்கத்தான் எண்ணினேன்,
வேறொரு சாத்திரமும் அறியேன்.
எட்டா, பதினொன்றா,
நடுவில் ஒரு கப்பல் குறுக்கிட்டது.

ஒன்பதென்றே வைத்துக்கொள்கிறேன்.

இன்னும் சிலநாள் அக்கரை எண்ணிலிருந்து
கைப்பேசி ஒளிரும்.
வரிசையில் நான்கு நான்குகள்.
எடுப்பதில்லை.

அவள் டின் மூடியில்
எண் எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன்.
கூ கேட்டார், என்ன நிறம் இது?
காய்ந்தால் தெரியும் என்றேன்.