பதினேழாம் பிரிவு

புஸ்ஸி வீதியில் எங்கள் பெயர்ப்பலகை:
ஞானு, அரிதாசு, லெபோ, தணிகாசலம்.
வணிக வழக்குகள், ஆர்பிட்ரேஷன். நிறுவியது 1926.
மூவர் காலமாகிவிட்டார்கள்.
தணிகாசலத்துக்குக் காது கேட்காது;
ரசீதுகளில் மட்டும் இன்னும் கையெழுத்திடுகிறார்.
நான் ஐந்தாமவள். பலகையில் இடமில்லை.

அன்று மாடி அறையில் விசாரணை.
நடுவர், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி,
ஏசி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.
எங்கள் கட்சிக்காரர் முந்திரி ஏற்றுமதியாளர்.
எதிரே காடாம்புலியூர் மாசிலாமணி,
நாற்பது டன் கொட்டைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு
நான்கு டன்கூடத் தராதவர்.

பதினேழாம் பிரிவு: போர்ஸ் மஜேர்.
பிரெஞ்சுக்காரன் இந்த ஊரில் மறந்துவிட்டுப்போன சொல்.
அவருடைய வக்கீல் அதை
'போர்ஸ் மேஜர்' என்றே சொன்னார்,
ஏதோ பட்டாளத்து அதிகாரி வந்து
தோப்பை வெட்டிப்போட்டதுபோல.
தமிழ்ப் படியில் 'தெய்வச் செயல்' என்றிருந்தது.
தெய்வம்
வானிலை அறிக்கையில் சொல்லிவிட்டுத்தான் வந்தது
என்று நிறுவுவது என் வேலை.

புயல் கரையேறியது முப்பதாம் தேதி காலை.
ஒப்பந்தம் இருபத்தெட்டு.
அன்றே துறைமுகத்தில் கூண்டு ஏற்றியாயிற்று.

"கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?"
"ஆமாங்க."
"முன்பணம் ஆறு லட்சம் வாங்கியதும் நீங்கள்தானே?"
"ஆமா."
"அப்படியென்றால் மரத்தைச் சாய்த்தது?"
"தானே."

பிலோமின் தட்டச்சை நிறுத்தினாள்.
"மேடம், இந்தத் 'தானே' புயலா, கேள்வியா?"

அறையே சிரித்தது. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மாசிலாமணியும் சிரித்தார்,
பல்லில் வெற்றிலைக் காவி தெரிய.
பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்:

"கூண்டு ஏத்துனது தெரியுங்கம்மா.
பேங்குல ஏல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருந்தான்.
அதுக்கு நாள் ஒண்ணுதான் பாக்கி.
ரெண்டுல எது கிட்ட தெரிஞ்சுதோ
அதுக்குக் கையெழுத்துப் போட்டேன்."

"இது கேள்விக்குப் பதில் இல்லை," என்றேன்.
"பதிவிலிருந்து நீக்க வேண்டும்."
நடுவர் தலையசைத்தார். ரிமோட் கிடைத்துவிட்டது.

தீர்ப்பு எங்களுக்கு.
பதினொரு லட்சம், பன்னிரண்டு சதவீதம்.
புதுக் கன்று காய்க்க
நாலு வருஷம் ஆகும் என்கிறார்கள்.
வட்டி முதல் நாளிலிருந்தே காய்க்கிறது.

கட்சிக்காரர் லட்டு அனுப்பினார்.
தணிகாசலம் என் தோளில் தட்டி,
கேட்காத காதுக்காரர்கள் பேசும் சத்தத்தில்
பெயின்டருக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.
பெயின்டர் வந்து ஏணியில் நின்று
யார் பெயரைச் சின்னதாக்கணும் என்று கேட்டுவிட்டு
நாளை வருகிறேன் என்று போனான்.

சான்றிட்ட நகல் நேற்று வந்தது.
ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில்
'தானே'வுக்குக் கீழே
ஐந்து வரி வெற்றிடம்.
சொற்களை எடுத்தவள்
இடத்தை மூடாமல் விட்டிருக்கிறாள்.

என்ன பிலோமின் இது, என்றேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
"நீங்கதானே மேடம்
நீக்கச் சொன்னீங்க?"