எடை வரும் வழி

ஜூரோங் மீன் துறைமுகத்தருகே ஒரு குளிர்கிடங்கு.
தராசுக்கு வயது இருபத்திரண்டு.
முதுகில் ஒன்பது ஊசி வைத்த செருகி.
அதில் மூன்றுக்குத்தான் வேலை:
சொல்ல ஒன்று, கேட்க ஒன்று,
இரண்டுக்கும் பொதுவாய்க் காலூன்ற ஒன்று.

பதினைந்து மீட்டருக்கு மேல் கம்பி இழுக்காதே
என்கிறது கையேடு.
கணக்கு எழுதும் கணினியோ
இப்போது ஊபியில், ஒன்பதாம் மாடியில்.
அங்கே வாடகை குறைவாம். குவெக் சொன்னார்.

நடுவில் வைக்க நான் கொண்டுபோனது
சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி.
இந்தப் பக்கம் பழைய செருகி,
அந்தப் பக்கம் நெட்வொர்க் கேபிள்,
நெற்றியில் நான் ஒட்டிய ஐபி முகவரி.

முதல் இரவு சத்தமே இல்லை.
தராசின் வாயைப் பெட்டியின் வாயோடு
பொருத்திவிட்டிருக்கிறேன்.
காதும் காதும் ஒட்டிக்கொண்டு
எதற்கோ காத்திருந்தன.
இரண்டு கம்பிகளை இடம் மாற்றினேன்.
பேச்சு வந்தது,
சதுரமும் கேள்விக்குறியுமாய்.
ஒன்பதாயிரத்து அறுநூறு,
நான்காயிரத்து எண்ணூறு,
விறைத்த விரலால் வேகத்தைக் குறைத்துக் குறைத்து
இரண்டாயிரத்து நானூறில்
எண் எண்ணாக வந்தது.
தராசு நிதானமாகத்தான் பேசிக்கொண்டிருந்தது.
அவசரப்பட்டுக் கேட்டது நாங்கள்.

24.60. கொடுவா, பனிக்கட்டி நீக்கி.
ஊபியின் திரையிலும் அதே 24.60.
தராசு தன் மேசைக்கடியில் இருப்பதாகவே
அந்தக் கணினி இன்றுவரை நம்புகிறது.
அதை நம்பவைக்கத்தான் எனக்குக் கூலி.

முன்பு
லாரி வந்த பிறகே கணினியை எழுப்புவார்கள்.
பெட்டிக்குத் தூக்கம் கிடையாது.
தட்டு ஆடி நின்றதும் எண் கிளம்பிவிடும்.

இணைப்பு எங்கே அறுகிறது என்று தேடி
யீஷூன் வீட்டில் உட்கார்ந்து
பதிவுகளைப் புரட்டினேன்.
மீன் பெட்டிகள் இருபது கிலோ, முப்பது கிலோ.
புதன்தோறும் விடிகாலை 2:47 வாக்கில்
மீன் பெயர் இல்லாத ஒரு வரி.
51.30
51.75
52.20
அடுத்த வாரம் இல்லை.
பிறகு 53.05.
ரப்பர் பூட்ஸையும் சேர்த்துத்தான் இருக்கும்.

இரவுப் பணியில் ஏழு பெண்கள்,
ஏழு பேரும் வேலை அனுமதி அட்டையில்.
யார் என்று எண் சொல்லாது.
அதனிடம் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.
ஒரு வருடம்
குளியலறைத் தராசுக்கு மட்டும் தெரிந்த
பன்னிரண்டு வாரங்கள் எனக்கும் இருந்தன.

வெள்ளிக்கிழமை குவெக் அழைத்தார்.
"இந்த ஐம்பத்து மூணு என்ன மீன்?"
"மீன் இல்லை சார். பழைய தராசு,
ராத்திரியில் தானாக எதையாவது அனுப்பும்.
வடிகட்டிவிடுகிறேன்."
"ஓகே லா, செய்."

பெரிய சூரைக்கு வேறு தராசு இருக்கிறது,
அது இந்தத் தட்டில் ஏறுவதில்லை.
அதனால் பயமில்லாமல்
ஊபிக் கணினியில் ஒரே ஒரு கட்டளை சேர்த்தேன்:
நாற்பதுக்கு மேல் வந்தால்
வாங்கிக்கொள். எழுதாதே.
பழைய வரிகளையும் அழித்தேன்,
51.30-இலிருந்து.

புதன் 2:47.
கிடங்கின் சுவரில் பச்சை விளக்கு
இரண்டு தரம் மினுக்கியிருக்கும்.
தீவின் அந்தக் கோடியிலிருந்து
கிடைத்தது, கிடைத்தது என்று
பதில் போயிருக்கும்.

இந்த வாரம் 53.60 இருக்கலாம்.