மீதி நாற்பது

பெருங்குடியில் ஏழாவது மாடி.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குப்பை மலை,
அதற்கும் அப்பால் சதுப்பில் நாரைகள்.
இந்தப் பக்கம் நான்,
ஒரு பெட்டி திறக்க எத்தனை நொடி ஆகலாம் என்று
காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று போதாது. மூன்று என்றால் சலிப்பு.
ஒன்றே முக்கால்.
அதற்குள் மூடி இரண்டு தடவை துள்ள வேண்டும்,
தங்க மயிலின் தோகை நுனி
தெரிந்த மாதிரி இருந்து
விலகிவிட வேண்டும்.

பெட்டிக்கு அறுநூறு வைரம்.
விற்பதோ ஐந்நூற்று அறுபது வைரக் கட்டு,
நானூறுக்கு ஒரு ரூபாய் குறைவு.
நாற்பது குறையும். இன்னொரு கட்டு வாங்கினால்
ஐந்நூற்று இருபது மிஞ்சும்.
மிஞ்சியது கிடந்து உறுத்தும்.
அந்த உறுத்தல் என் யோசனை.
போன தீபாவளிக்கு அதற்குத் தனி போனஸ்.

அப்பா இருபத்தொன்பது சி-யில் கண்டக்டர்.
சில்லறை இல்லையென்றால்
டிக்கெட் முதுகில் பாக்கியை எழுதிக் கொடுப்பார்,
"இறங்கறப்போ வாங்கிக்கோ."
பாதிப் பேர் மறந்து இறங்குவார்கள்.
டெப்போவில் கணக்கு முடித்தபின்
பையில் தங்கியதில் எங்களுக்கு முட்டை போண்டா.
"இது திருட்டில்லையாப்பா?"
"மறந்தது அவங்க" என்பார்,
பிட்டு ஊதிக்கொண்டே.

ஆனால் ஒருநாள் லஸ்ஸில்
நகர்ந்த வண்டியை விசிலடித்து நிறுத்தி
ஒரு பள்ளிக்கூடப் பையனைத் துரத்திப்போய்
மூன்று ரூபாயைக் கையில் திணித்துவிட்டு வந்தார்.
ஏன் அவனை மட்டும் என்று
அவருக்கே தெரியவில்லை.

காக்கிச் சட்டையில் சுரண்டல் சீட்டும் வைத்திருப்பார்.
நாலணா விளிம்பால் தேய்த்துத் தேய்த்து
விரலெல்லாம் வெள்ளித் தூள்.
சுரண்டல்.
பெயரையாவது மறைக்காமல் வைத்தார்கள்.
எங்களுடையதற்கு அன்புப் பெட்டி என்று பேர்.

மாதம் பத்தாயிரம் தாண்டுகிறவரைத்
திமிங்கிலம் என்போம், செல்லமாக.
நேற்று ஒரு திமிங்கிலம் கடிதம் எழுதியது.
எபினேசர். கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில்
ஸ்கேன் எடுப்பவர், நைட் ஷிப்ட்.
ஒரு ஸ்ட்ரெச்சர் போய் அடுத்தது வருவதற்குள்
பெட்டி திறந்திருக்கிறார்,
ஆறு மாதத்தில் நூற்று எண்பத்தாறு.
"பணத்தத் திருப்பிக் கேக்கல மேடம்.
ஒண்ணு மட்டும் சொல்லுங்க.
மயில் உள்ள இருக்கா, இல்லையா?"

இல்லை என்றிருந்தால் சுலபம்.
எங்கள் தெருப் பொட்டிக்கடையில் பலூன் அட்டை தொங்கும்.
பெரிய பலூனின் எண்ணைக் கிழித்துக்
கல்லாவில் ஒளித்திருப்பார் கடைக்காரர்.
தெருவுக்கே தெரியும்.
திட்டலாம், கல்லெறியலாம்,
அட்டை தீரும்வரை காத்தும் இருக்கலாம்.

மயில் இருக்கிறது, எபினேசர்.
ஆயிரத்துக்கு நான்கு.
விதிமுறைகளில் ஒன்பதாவது பத்தியில்
எழுதியே வைத்திருக்கிறோம்.
பொய் எதுவும் இல்லை.
எங்கள் அட்டை மட்டும்
தீராது.

இதை அடித்தேன். அழித்தேன்.
அவர் கணக்கைத் திறந்து பார்த்தேன்:
ஐந்நூற்று அறுபது.
நாற்பது வைரம் போட எனக்கு அதிகாரம் உண்டு,
ஒரு பொத்தான், யாரும் கேட்கமாட்டார்கள்.
போட்டால்
நூற்று எண்பத்தேழாவதைத் திறப்பார்.

லஸ்ஸில் அந்தப் பையன்
காசை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான்.
இங்கே திருப்பிக் கொடுப்பதும்
தூண்டிலில்தான் போய் மாட்டுகிறது.

மணி ஒன்பதரை. குப்பை மலைமேல் ஒரு லாரியின் விளக்கு.
கீழ்ப்பாக்கத்தில் இந்நேரம்
யாரையோ படுக்கவைத்துவிட்டு
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொண்டிருப்பார்:
மூச்ச இழுத்துப் பிடிங்க.
அசையாதீங்க.

என் திரையில்
மூடி இரண்டாம் தடவை துள்ளி
அந்தரத்தில் நிற்கிறது.