நாலு நாற்பத்தேழு

மூன்று மணிக்குப் பெட்டியை மூடினேன்.
மூடியில் போரிவோய் ஒட்டிய மஞ்சள் சீட்டு:
"இங்கே மூச்சு விடுவது தண்டனைக்குரிய குற்றம்."
வேடிக்கையல்ல அது.
என் உடம்புச் சூடு போதும்,
வைரத்தைத் தாங்கும் தண்டு நீளும்,
எண்கள் பொய் சொல்லப் பழகும்.
அதனால் அளக்க வேண்டிய நான்
அளக்கும் அறையில் இருக்கக் கூடாது.
தாழ்வாரத்தில், காப்பி இயந்திரத்துக்கும்
தீயணைப்பானுக்கும் நடுவே
ஒரு நாற்காலி, ஒரு திரை,
காலுறைக்குள் விறைத்த பத்து விரல்கள்.

ப்ர்னோவில் பிப்ரவரி.
கடைசி டிராம் எப்போதோ போய்விட்டது.
உள்ளே, பிசினில் புதைத்துக் கண்ணாடியாய் மெருகேற்றிய
ஒரு துண்டுத் தண்டவாளம்.
கீழே மருந்துக்கடை வளைவில்
அக்டோபரில் விரிசல் கண்டு அறுத்தெடுத்தது.
மேல்தோலில் வெள்ளையாய் ஒரு படலம்:
பதினேழு ஆண்டுச் சக்கரங்கள்
வழுக்கியும் தேய்த்தும் சுட்டும்
எஃகுக்குள் சமைத்த வேறோர் எஃகு.
அது எவ்வளவு கடினம் என்று நகராட்சி கேட்கிறது,
இரண்டு பிரதிகளில், முத்திரையுடன்.

வைரம் இறங்குகிறது.
மூன்று முகம், ஒரே முனை.
சுமை, ஒரு குன்றிமணியின் எடை.
இம்மி என்ற சொல் இங்கே ஒரு மலை.
எழுபது நானோமீட்டர்:
என் நகம் எழுபது நொடியில் வளரும் நீளம்.
அந்த ஆழத்துக்கு விழுந்த நகக்குறியை
எந்த விரலும் தடவி அறியாது,
எந்தத் தோழியும் கண்டு கேலி செய்ய மாட்டாள்.

பிறகு தூக்குகிறது.
அழுத்தும்போது எஃகு எதிர்க்கிறது, அவ்வளவுதான்;
எதிர்க்காதது எது?
விடும்போது எவ்வளவு எழுந்து வருகிறது,
எவ்வளவு எழாமலே கிடக்கிறது
என்பதில்தான் எங்கள் பிழைப்பு.
விட்டுப்பிடி என்பார்களே,
நாங்கள் விட்டுப் பார்க்கிறவர்கள்.

கீழடுக்கில் நூற்றிருபது. வெள்ளையில் எழுபது.
ஒரே உடம்பு, தோலுக்கு மட்டும் இந்த வீம்பு.
வளையத் தெரியாமல் வெடித்தது
என்று அறிக்கையில் எழுத முடியாது.
"நொறுங்குந்தன்மை மிகுதி" என்று எழுதுவேன்.

நூறு குழிகளில் அறுபத்து மூன்று முடிந்தன.
அறுபத்து நாலாவது இறங்கும்போது
திரையில் கோடு சட்டென்று நடுங்கிச்
சீப்பின் பற்களாய்ச் சிதறியது.
கோப்பையில் காப்பி அசையவில்லை.
என் காதுக்கும் ஒன்றுமில்லை.
மணி நாலு நாற்பத்தைந்து.
முதல் டிராம் நாலு நாற்பத்தேழு.

வ்லஸ்தா.
எப்போதும் இரண்டு நிமிடம் முந்தி வருபவள்,
வளைவில் வேகம் குறைக்கப் பிடிக்காதவள்.
போரிவோய் அவள்மேல் மூன்று புகார் எழுதி
மூன்றையும் அனுப்பாமல் வைத்திருக்கிறான்.
புதிய தண்டவாளத்தில் ஏறிய முப்பது டன்
மண்ணில் இறங்கி, கருங்கல் மேசையில் ஏறி,
காற்றுத் தலையணை நான்கையும் ஏமாற்றி,
பழைய தண்டவாளத்தின் மேல்
ஒரு குன்றிமணியோடு வந்து சேர்ந்துகொண்டது.

நியாயப்படி அந்த அளவீட்டை அழிக்க வேண்டும்.
அழிக்கும் பொத்தானில் விரலும் வைத்தேன்.
பிறகு தனியாக ஒரு கோப்பு திறந்து
"வ்லஸ்தா, 64" என்று பெயரிட்டேன்.
மீதி முப்பத்தாறு நாளை இரவு.

ஐந்தரைக்கு, ஒரு சுற்று முடித்து அவளே வந்தாள்.
கையுறை, கழுத்தில் பச்சைச் சால்வை,
கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ மென்றுகொண்டு.
டிக்கெட்டை இயந்திரத்தில் செருகினேன்.
முத்திரை விழுந்தது,
கொஞ்சம் சாய்வாக.