பூச்சியமாவது இடம்

மகெல்லன் நீரிணைக் காற்று
ஜன்னல் சட்டத்தைக் கடித்துக்கொண்டிருந்த இரவில்
எடெல்மிரா வுகாசோவிச் போன் செய்தாள்.
"உங்கள் சிவப்புப் பட்டை எரியவில்லை."
அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.
புன்ட்டா அரினாஸ் ஆஸ்பத்திரியில் பதினாறு வருட நர்ஸ்.
வளவளப்பு அவளுக்கு ஆகாது.

ஒன்பதாம் படுக்கையில் நண்டுப் படகுக்காரன் ஒருவன்,
மணிக்கட்டில் சீழ்.
ஊசியில் மருந்தேற்றியாயிற்று.
திரை பச்சையாக இருந்திருக்கிறது.
அவள் திரையை நம்பாமல்
தான் எழுதிய குறிப்பைத் திறந்து படித்திருக்கிறாள்.
ஊசி தட்டுக்குத் திரும்பிவிட்டது.

ஆறு வருடம் முன்பு நான் எழுதிய நிரல்.
குறிப்புக்குள் பெனிசிலின் உண்டா என்று தேடும்.
பெரிய வித்தை ஒன்றுமில்லை.
ஸ்பானிஷில் அந்தச் சொல்லுக்குப் பத்தெழுத்து.
பத்தெழுத்து அகலத்தில் துளை வெட்டிய அட்டையை
வாக்கியத்தின் மேல் வைத்து
ஓரெழுத்து ஓரெழுத்தாய் நகர்த்துவது.
பொருந்தினால் எத்தனையாவது இடம் என்று சொல்லும்.
பொருந்தாமலே வாக்கியம் தீர்ந்துபோனால்
கழித்தல் ஒன்று.

பழைய குறிப்புகளை விடிய விடிய ஓட்டினேன்.
டாக்டர் ஓயர்சோ எழுதியது:
"தாயார் சொன்னபடி, சிறுவயதில் ஒருமுறை,
உறுதியாகத் தெரியவில்லை, பெனிசிலினாக இருக்கலாம்."
பட்டை பளிச்சென்று எரிந்தது.

எடெல்மிரா எழுதியது:
"பெனிசிலின். மூச்சடைப்பு."
இருட்டு.

அட்டையை வைத்த மாத்திரத்தில் பொருந்திவிட்டது.
நகர்த்தவே வேண்டியிருக்கவில்லை.
இடம் பூச்சியம்.
பூச்சியத்துக்கு மேலே இருந்தால்தான்
உண்டு என்று கொள் என
நிரலுக்குச் சொல்லி வைத்திருந்தவன் நான்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கியவர்கள் சொன்னதெல்லாம்
அதன் காதில் விழுந்திருக்கிறது.
வாய் திறந்ததும் விஷயத்தைச் சொன்னவள் சொன்னது
முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை விழவில்லை.

திருத்த ஒரே ஒரு குறி போதுமாயிருந்தது,
ஒன்றன்கீழ் ஒன்றாய் இரண்டு சின்னக் கோடு.
சேமித்தேன். பட்டை எரிந்தது.
கெட்டிலில் தண்ணீர் வற்றி
அடிப்பிடித்த வாசனை வந்தது.

காலை ஏழுக்கு அவளைக் கூப்பிட்டேன்.
"அது வந்து, பார்த்தீர்களானால், உண்மையில் அந்த..."
"விஷயம்?"
"என் தப்பு."
"ம்."
பின்னால் எங்கோ தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது.
"மீதி முந்நூற்றுப் பதினொன்று பேர்?"

யார் யாருக்கு அந்த மருந்து போனது,
போனவர்களில் யார் வீடு திரும்பினார்கள் என்று தேட
ஒற்றை வரி எழுதி வைத்திருக்கிறேன்.
அதன் முனையில் துடித்துக்கொண்டிருக்கிறது கர்சர்.
இன்னும் ஓட்டவில்லை.